முகாம் சாமான் ஜாபிதா

கூடாரம் அடிப்பது பெரிய வித்தை இல்லை. நாலு தடவை அடித்தால் ஐந்தாம் தடவை கை தானாக அடிக்கும். அதைப் பிரித்து, உதறி, மடித்து, அடுத்த ஊரில் எது முதலில் வேண்டுமோ அது முதலில் கைக்கு வரும்படி வண்டியில் ஏற்றுவதுதான் வித்தை. இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. ஒரு மழை சொல்லித் தந்தது. அந்த மழைக்குப் பிறகு நான் செய்த வேலையும், அந்த வேலை எனக்குச் செய்த உபகாரமும்தான் இங்கே எழுதப் போவது. படித்துவிட்டு என்னை முட்டாள் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம். நானே பல தடவை சொல்லிக்கொண்டாயிற்று.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். காஞ்சிபுரத்தில் ஓர் அதிகாரியின் கச்சேரியில், அதாவது ஆபீசில், கூடாரக் கலாசியாக இருந்தேன். அதிகாரி மாதத்தில் பாதி நாள் கிராமம் கிராமமாகச் சுற்றுகிறவர். ஏரிக்கரையிலோ மாந்தோப்பிலோ முகாம். அவர் சாயங்காலம் வந்து இறங்குவதற்குள் நாங்கள் மத்தியானமே போய் மூன்று கூடாரம் அடித்து, கட்டில் மேஜை போட்டு, காகிதப் பெட்டிகளை உள்ளே வைத்துவிட வேண்டும். நாங்கள் என்றால் நானும் என் மாமனாரும். அவர்தான் எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவர். பெண்ணையும் கொடுத்து வேலையையும் கொடுத்ததால், என்னைக் கேலி செய்கிற உரிமை தமக்கு ஆயுசு பரியந்தம் உண்டு என்று நினைக்கிறவர்.

எங்கள் சேரி ஊருக்கு வெளியே, திருப்பருத்திக்குன்றம் போகிற பாதையைத் தாண்டி இருந்தது. என் அப்பா காலம் வரைக்கும் பிறர் நிலத்தில் ஏர் பிடித்த குடும்பம். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் நாலாம் வகுப்பு தேறியது எங்கள் பக்கத்தில் பெரிய சங்கதி. கலாசி வேலைக்கு அந்தப் படிப்பு தேவையே இல்லை. ஆனால் கலாசிக்கு மேலே டபேதார் என்று ஒருவர் உண்டு. அவருக்குத் தோளில் சிவப்புப் பட்டை, பட்டையில் பித்தளை வில்லை, டவாலி என்போம். டவாலி போட்டவனை எந்த ஊர்க்காரனும் ‘வாங்க’ என்பான். போடாதவனை ‘டேய்’ என்பான். பழைய டபேதார் வயதாகி விலகிவிட்டார். அந்த இடம் காலியாக இருந்தது. அது எனக்கு வேண்டும். மறைத்துப் பேச என்ன இருக்கிறது, சாப்பிடும்போதும் தூங்கும்போதும் எனக்கு அதுவே நினைப்பு. என் பெண்டாட்டிக்கும் அப்படித்தான். “பட்ட மாட்டிக்கினு நீ நம்ம பொண்ண இஸ்த்துக்கினு போனா பெரிய பள்ளிக்கூடத்துல சேத்துக்க மாட்டேன்னு சொல்வாங்களா?” என்று கேட்பாள்.

முகாமுக்கு எங்களோடு வருகிறவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் குமாஸ்தா. சின்ன காஞ்சிபுரத்துக்காரர், ஆசாரத்தில் நெருப்பு. மற்றவர் சமையற்காரர். அதிகாரி வெளியாள் சமைத்ததைத் தொடமாட்டார் என்பதால் அரிசி, பருப்பு, பாத்திரம், தண்ணீர்க்குடம் வரைக்கும் வீட்டிலிருந்தே வரும். அந்தச் சமையல் பெட்டிகளைக் கலாசி தொடக்கூடாது. தொட்டால் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி மறுபடி மடி ஆக்க வேண்டும். ஆகையால் வண்டியில் எங்கள் சாமானெல்லாம் ஏறிய பிறகு, கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெட்டிகளைச் சமையற்காரர் தம் கையால் ஏற்றுவார். போன இடத்தில் அவரே இறக்குவார். அவர் இறக்குகிற வரைக்கும் அடியில் இருக்கிற ஒரு கூடார முளையைக்கூட நாங்கள் உருவ முடியாது. வெகு காலமாக நடந்துவந்த வழக்கம். யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்த ஆவணியில் பாலாற்றுக்குத் தெற்கே ஓர் ஊருக்குப் போனோம். அந்தத் தடவை அதிகாரி மறுநாள்தான் வருவதாக ஏற்பாடு. மாந்தோப்பில் வண்டி நின்றதும் சமையற்காரர் குளத்துக்குக் குளிக்கப் போய்விட்டார். குளிக்காமல் பெட்டியைத் தொட்டால் மடி போய்விடும். மேற்கே பார்த்தால் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. கூடாரத்தை அடிக்கக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல் வேண்டும், முளைகள் வேண்டும். இரண்டும் சமையல் பெட்டிக்கு அடியில். “சாமி, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் நகத்தினா…” என்று குமாஸ்தாவிடம் கெஞ்சினேன்.

“தொடாதேடா! அவர் வரட்டும்” என்றார்.

“மழை வந்துக்கினு இருக்குதே சாமி.”

“மழை வந்தா வரட்டும். நாளைக்கு எஜமான் சாப்பிட வேண்டாமா?”

நால்வராக வந்து மூவராக நின்றுகொண்டு மழையை வேடிக்கை பார்த்தோம். முதல் தூற்றல் விழுந்தபோது சமையற்காரர் குளத்தில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அடுத்த நிமிஷமே மழை கொட்டத் தொடங்கிவிட்டது. ஈர வேட்டியோடு ஓடிவந்த மனுஷன் வண்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “எடுங்கோடா! எதை வேணும்னாலும் எடுங்கோ! பெட்டி நாசமாப் போகட்டும்!” என்று கத்தினார். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துப் பெட்டியை இறக்கினோம். என் கையும் அவர் கையும் ஒரே பெட்டியின் மேல் இருந்தன. கொட்டாப்புளியைத் தேடி எடுத்து அவசரத்தில் அடித்த முதல் கூடாரம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. நனைந்த நூல் கயிறு சுருங்கி, முளைகளைப் பிடுங்கி, கித்தான் எங்கள் தலைமேலேயே விழுந்தது.

விழுந்த கித்தானை நடுவில் ஒரு கழியால் முட்டுக் கொடுத்து அதன் அடியில் நாலு பேரும் ஒடுங்கினோம். குமாஸ்தாவின் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. அவர் விலகவில்லை, விலக இடம் இல்லை. சமையற்காரர் ஒரு டப்பாவைத் திறந்து அவலும் வெல்லமும் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். என் கையில் போடும்போது உயரத்திலிருந்து போடவில்லை. கையோடு கை வைத்தே கொடுத்தார். மாமா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். நனைந்த நாய் மாதிரி உட்கார்ந்திருந்தேன், சந்தோஷமாக இருந்தேன். அது நிஜம்.

மறுநாள் வெயில் வந்தது. சமையற்காரர் எல்லாப் பாத்திரத்தையும் புளி போட்டுத் தேய்த்தார். அவரும் மூன்று தடவை முழுகினார். நேற்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்பது போல என்னை மறுபடி எட்ட நிற்கச் சொன்னார்.

நனைந்த காகிதங்களைப் பார்த்து அதிகாரி குதித்தார். குமாஸ்தாவைக் கேட்டார், குமாஸ்தா எங்களைக் கேட்டார். கடைசியில் எங்களுக்கும் காது கேட்கும்படி அதிகாரி சொன்னார்: “அடுத்த முகாமுக்குள்ளே இந்தச் சாமானை எல்லாம் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவரணும். கொண்டுவருகிறவனுக்குத்தான் டபேதார் வேலை.” நான் இரண்டு கெஜம் தள்ளி நின்றிருந்தேன். ‘கொண்டுவருகிறவனுக்கு’ என்ற வார்த்தை என் காதில் தேன் மாதிரி விழுந்தது. குமாஸ்தா கூப்பிட்டு, “நாலு எழுத்துத் தெரியும்பியே, எந்தச் சாமான் எங்கேன்னு நீயே ஒரு ஜாபிதா போடேண்டா” என்றார்.

அன்று சாயங்காலமே தொடங்கினேன். மாமா சிரித்தார். “மொடவன் கொம்புத்தேனுக்கு ஆசப்பட்ட கதையா இருக்குதுபா” என்றார். ஆனாலும் கூடவே உட்கார்ந்து கோணிப்பை தைத்தார்.

கச்சேரிக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் எல்லாச் சாமானையும் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக யோசித்தேன். மாமரக் கட்டையில் செய்த முளைகள் பாதி பிளந்திருந்தன. அவற்றைத் தள்ளிவிட்டுக் கருவேல மரத்தில் புதிதாகச் செதுக்கினோம். கூடாரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பை, முளைகளுக்கு ஒரு பை, கயிறுகளுக்கு ஒரு பை என்று கோணியில் தனித்தனியாகத் தைத்து, ஒவ்வொரு பையின் மேலும் காவிக் கல்லைக் குழைத்து இலக்கம் போட்டேன். விளக்கின் கண்ணாடியை உமி நிறைந்த பெட்டியில் பதித்தேன். கித்தானின் தையல் ஓட்டைகளில் தேன்மெழுகு தேய்த்தேன். தேய்த்துத் தேய்த்து என் கட்டைவிரல் தோல் உரிந்தது.

கயிறுதான் புரியாமல் இருந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் காலையில் தெரு நெடுக நூலை நீட்டிப் பாவு போடுவார்கள் அல்லவா? தெருவுக்குள் நுழையாமல் முனையில் நின்று இரண்டு காலை பார்த்தேன். பாவின் கடைசிக் கயிற்றை ஒரு கட்டையில் சுற்றி, கட்டையைத் திருகி இறுக்கியிருந்தார்கள். சாரல் விழுந்ததும் ஒரு பெரியவர் ஓடிவந்து அந்தக் கட்டையைத் தளர்த்தினார். என்னைப் பார்த்துவிட்டு, “ஈரம் பட்டா கயிறு சுருங்கும்பா. முன்னாடியே எளக்கி வுடணும், இல்லேன்னா பாவு போயிடும்” என்றார். அவ்வளவுதான். கூடாரக் கயிறு ஒவ்வொன்றிலும் ஒரு சாண் கட்டை கோத்தேன். மழை வரும்போது ஒரு திருகு தளர்த்தினால் போதும்.

பிறகு வண்டி. முதலில் வேண்டியதைக் கடைசியில் ஏற்ற வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சமையல் பெட்டி மேலே உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அது நடக்காது. ஆகவே சமையலுக்கு என்றே ஜாபிதாவில் ஒரு தனி வண்டி போட்டேன். அதில் சமையற்காரரும் அவர் பெட்டிகளும் மட்டும் ஒரு நாழிகை முன்னதாகப் போய்விட வேண்டியது. அவர் குளிக்கலாம், மெழுகலாம், மந்திரம் சொல்லலாம். எங்கள் முளைக்கும் அவர் மடிக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டாவது வண்டியில் கூடாரங்கள். வாயருகே கொட்டாப்புளியும் முளைப்பையும். மூன்றாவது வண்டியில் காகிதமும் கட்டிலும். எந்த வண்டியில் எது, எந்த இடத்தில் எது, இறங்கும்போது எதற்குப் பிறகு எது என்று நாலு பக்கம் எழுதினேன். ‘முகாம் சாமான் ஜாபிதா’ என்று மேலே தலைப்பும் போட்டேன். அந்த நாலு பக்கத்தை எழுதியபோது இருந்த கர்வம் எனக்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை.

புரட்டாசியில் அடுத்த முகாம். சொல்லக் கூடாது, அப்படி ஒரு முகாமை அந்தக் கச்சேரி கண்டிராது. வண்டி நின்றதும் முளைப்பை இறங்கிற்று. பேச்சே இல்லாமல் மூன்று கூடாரமும் எழுந்தன. நாலு பக்கமும் வாய்க்கால் வெட்டி முடித்தபோது சமையற்காரர் இன்னும் அடுப்பு மூட்டவில்லை. சாமான் அவ்வளவு சீக்கிரம் இறங்கிவிட்டதால் வண்டிக்காரர்களையும் அன்றே திருப்பி அனுப்பிவிட்டார் குமாஸ்தா. அதிகாரி வந்து ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். கயிற்றில் கோத்த கட்டையைத் தொட்டுப் பார்த்து, “பலே, யார் யோசனை?” என்றார்.

“எல்லாம் நம்ம மேற்பார்வைதான்” என்றார் குமாஸ்தா.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். நான் கொட்டாப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இருக்கட்டும், வேலை கிடைத்தால் சரி என்று கயிறுகளைச் சரிபார்க்கப் போனேன்.

மறுநாள் மத்தியானம் மழை வந்தது. ஓடி ஓடிக் கயிறுகளைத் தளர்த்தினோம். ஒரு முளை அசையவில்லை. அதிகாரி தம் கூடாரத்தில் எழுதிக்கொண்டிருந்தார். சமையற்காரர் தம் கூடாரத்தில் சமைத்தார். காகிதப் பெட்டிகளோடு குமாஸ்தா மூன்றாவது கூடாரத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தார். கயிறெல்லாம் பார்த்து முடித்துவிட்டு நானும் மாமாவும் திரும்பினோம். அப்போதுதான் தெரிந்தது, திரும்புவதற்கு இடம் இல்லை. முன்பெல்லாம் மழை வந்தால் வண்டிக்கு அடியில் நுழைவோம். இப்போது வண்டி இல்லை. முன்பெல்லாம் சாமான் குவிந்து கிடக்கிற கூடாரத்தில் ஒரு மூலையில் ஒண்டுவோம். இப்போது குவியலே இல்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. கோணியைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு புளியமரத்தடியில் நின்றோம். மரம் எங்கள் மேல் மழையை இரண்டாம் தடவை பெய்தது.

“மாப்ள, உப்பு ஜாடிக்குக்கூட எடம் போட்டிருக்கிறே. நமக்கு எங்கபா போட்ட?” என்றார் மாமா, பல் கிட்டிக்கொண்டே.

“டவாலி வரட்டும் மாமா, எல்லாம் வரும்” என்றேன். சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன்.

ஊர் திரும்பிய வாரத்தில் டவாலி வந்தது. குமாஸ்தாவின் வீட்டில் மாடு பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. வில்லை தலைகீழாகத் தொங்கிற்று. நான்தான் நேராக்கும்படி சொன்னேன்.

குமாஸ்தாவிடம் போனேன். வாசலுக்கு வெளியே நின்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் தாங்கவில்லை. ஒரு குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். “உன் வேலையிலே ஒரு குறையும் இல்லேடா. நன்னாவே பண்ணியிருக்கே. ஆனா டபேதார்னா எஜமானுக்குத் தண்ணி கொண்டுவந்து வைக்கணும், கூடாரத்துக்குள்ளே போய் வந்துண்டிருக்கணும். நீ எப்படிடா உள்ளே வருவே? நீயே சொல்லு.”

அவர் கையில் என் ஜாபிதா இருந்தது. என் கையெழுத்து இல்லை. அவருடைய அழகான கையெழுத்தில் புதிதாகப் படியெடுத்திருந்தார். இலக்கங்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் அங்கங்கே ஒரு புள்ளி. புள்ளி வைத்தது எதையும் கலாசிகள் தொடக்கூடாது என்று அடியில் எழுதியிருந்தார். முன்பு சமையல் பெட்டிகள் மட்டும்தான் தொடக்கூடாதவை. இப்போது அதிகாரியின் கட்டில், மேஜை, தண்ணீர்க்கூஜா, விளக்கு என்று புள்ளி நீண்டுகொண்டே போயிற்று. இலக்கம் போடாத காலத்தில் இப்படிப் பிரிக்க அவராலும் முடிந்திருக்காது. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தபோது, அந்தக் குழப்பத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் இருந்தது. விழுந்த கித்தானுக்கடியில் அவலும் வெல்லமும் வாங்கித் தின்ன இடம் இருந்தது. ஒழுங்கு வந்தது, அந்த இடம் போயிற்று. ஒழுங்கைக் கொண்டுவந்தவன் நான். தேன்மெழுகு தேய்த்துத் தோலை உரித்துக்கொண்டு கொண்டுவந்தேன்.

வீட்டுக்குப் போய் என் பெண்டாட்டியிடம் சொன்னேன். சோற்றைப் போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இதோடு விட்டிருந்தால் எனக்கு மானம் மிஞ்சியிருக்கும். விடவில்லை. புது டபேதாருக்கு எழுத்து வாசனை கிடையாது. முகாமுக்குக் கிளம்புகிற காலையில் அவர் ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வருவார். “படிபா, இன்னா ஏத்தணும்?” என்பார். நான் படிப்பேன், அவர் எங்களுக்கு உத்தரவு போடுவார். நான் எழுதியதை நானே படித்து, அதை அவர் வாயால் உத்தரவாகக் கேட்டு, நானே சுமந்தேன். மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டார். அந்தக் கார்த்திகை மழையில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சுக்குள் கல் உருளுவது போல இருமுவார்.

அப்படிப் படிக்கும்போதுதான் ஒரு நாள் பென்சிலை எடுத்துக் கடைசி வரியின் கீழே எழுதினேன்: ‘கலாசிகள் இருவர் ஒதுங்க ஒரு பழைய தார்ப்பாய், இரண்டு கழி.’ எலி வளையானாலும் தனி வளை என்பார்களே, அந்த ஆசை. கொட்டகை மூலையில் கிழிந்த தார்ப்பாய் ஒன்று மக்கிக்கொண்டு கிடந்தது. புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. இலக்கமும் போட்டேன். கச்சேரியின் கண்ணுக்கு இலக்கம் போட்டால்தான் ஒரு பொருள் பொருளாகத் தெரியும் என்று நான் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். காகிதம் அழுக்காகிவிட்டது, வேறு படியெடுத்துக் கொடுங்கள் என்று சொல்லி டபேதார் அதைக் குமாஸ்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நாலு நாளில் புதுப் படி வந்தது. உப்பு ஜாடி இருந்தது. உமிப் பெட்டி இருந்தது. சிவப்புப் புள்ளிகள் எல்லாம் இருந்தன. என் வரி இல்லை. மறந்திருப்பார் என்று நினைத்தேன், பாருங்கள், அப்போதும் அப்படித்தான் நினைத்தேன். வாசலில் நின்று, “சாமி, கடைசியில ஒரு வரி விட்டுப்போச்சு” என்றேன்.

அவர் தலை நிமிர்ந்து, நிஜமாகவே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார். “ஜாபிதா சாமானுக்குத்தாண்டா. ஆளுக்கு எதுக்கு?” என்றார்.

“சரிங்க சாமி” என்றேன். அந்தச் ‘சரிங்க’வை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

அதற்கப்புறம் மாமா இருந்த வரைக்கும் எத்தனையோ முகாம், எத்தனையோ மழை. ஒரு காகிதம்கூட நனைந்ததில்லை. நாங்கள் இரண்டு பேரும் நனைந்தோம்.